குளத்தில் பிடித்த விளைமீன்

லண்டன் குட்மேய்ஸில் நாங்கள் சாமான் வாங்கும் கடையின் பின்பக்கத்தில், ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கக்கூடிய நீளத்தில் ஃபிரீசர் ஒன்று இருக்கிறது. போன சனிக்கிழமை மனைவி எழுதித் தந்த துண்டோடு போய் அதன் கண்ணாடி மூடியைத் தள்ளினேன். வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது. ஈர மட்டைப்பெட்டி, பிளாஸ்டிக், அதற்கடியில் எங்கோ கொஞ்சம் கடல். அந்த மணம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். புகை விலகியதும் ஒரு விளைமீன் வாயை அரைவாசி திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. நான் கண்ணை எடுத்துக்கொண்டேன். விளைமீனை நேருக்கு நேர் பார்க்கும் யோக்கியதை எனக்குக் கிடையாது. எனக்குக் கலியாணம் நடந்ததே ஒரு விளைமீனால்தான்.

சிரிக்காமல் கேளுங்கள். எண்பதுகளின் கடைசியில் கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேருக்கும் ஒரே தொழில், அகதி விசாவுக்கான ஹோம் ஒஃபிஸ் கடிதத்துக்குக் காத்திருப்பது. பொழுது போகாததால் இடையில் பெற்றோல் ஸ்டேசனிலும் வேலை செய்தோம். தபால்காரன் வரும் நேரத்தில் அந்த வீட்டில் யாரும் குளிக்கப் போவதில்லை. குகநேசன் அண்ணைதான் மூத்தவர், முப்பத்துநாலு வயது. கவுன்சிலுக்குப் போன் எடுப்பது, யாருக்காவது காய்ச்சலென்றால் மல்லித் தண்ணி அவித்துக் கொடுப்பது எல்லாம் அவர். நான் லண்டனில் வந்து இறங்கிய அன்று குளிருக்குப் போட என்னிடம் ஒன்றுமில்லை. தன்னுடைய கறுப்புக் கோட்டைக் கழற்றித் தந்துவிட்டு, இரண்டு சுவெற்றரை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போன மனிதர். இதை ஏன் இப்போதே சொல்லிவைக்கிறேன் என்றால், பிறகு சொன்னால் நீங்கள் என்னை மன்னிக்கமாட்டீர்கள்.

அவருக்கு ஒரேயொரு குறை. யாராவது கொஞ்சம் புகழ்ந்துவிட்டால் நிறுத்தத் தெரியாது.

மூன்று சம்பந்தம் வந்து, மூன்றும் விசா இல்லையென்று திரும்பிப் போயிருந்தன. நேசன் அண்ணை தலைமுடியை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குக் கொண்டுவந்து சீவத் தொடங்கியிருந்த காலம். அப்போதுதான் ரொறன்ரோவிலிருந்து நாலாவது வந்தது. பெண் வத்சலா. தகப்பனுக்கு விசா ஒரு பிரச்சினையே இல்லையாம். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வரும் என்பாராம். அவருக்கு வேண்டியது வேறு. மனிதர் பனிக்காலம் முழுக்க உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பவர். மூத்த இரண்டு மருமக்களும் ஒரு தரம் கூடப் போய், காது விறைத்துத் திரும்பிவந்து, அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் தவறாமல் தலையிடி வரப்பெற்றவர்கள். ஆகவே தரகர் போனில் கேட்ட முதல் கேள்வி, மாப்பிள்ளை மீன் பிடிப்பாரா என்பது. செவ்வாய் எத்தனையாம் வீட்டில் என்பது இரண்டாவது கேள்விதான்.

நேசன் அண்ணை சைவக்காரக் குடும்பத்துப் பிள்ளை. லண்டனுக்கு வந்து கோழிவரை முன்னேறியிருந்தார், மீனுக்கு இன்னும் வந்து சேரவில்லை. வீட்டில் என் கையெழுத்துத்தான் நல்லது என்பதால் கடிதம் எழுதும் பொறுப்பு எனக்கு. பெற்றோலியத் துறையில் பொறுப்பான பதவி என்று எழுதினேன். சிறுவயது முதல் மீன்பிடித்தலில் தீராத ஈடுபாடு என்றும் எழுதினேன். பெண்ணின் படத்தை முன்னால் சாத்தி வைத்துக்கொண்டுதான் எழுதினேன். தேவைக்கு மேலாகவே அந்தப் படத்தைப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். என் மனைவி கட்டுரை வாசிப்பதில்லை, அந்தத் துணிவுதான்.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை, பெண்ணின் தகப்பனே வந்துவிட்டார். தொண்ணூற்றொன்று மாசி மாதம். அந்த முறை லண்டனில் விழுந்த பனி சிலருக்கு ஞாபகம் இருக்கும். ரயில்கள் நின்று, பால் போத்தல்கள் வாசலில் வெடித்துக் கிடந்தன. லண்டன் முழுக்கச் சபித்துக்கொண்டிருந்த குளிரைப் பார்த்து அந்த மனிதர் ஹீத்ரோவிலேயே கையைத் தேய்த்துச் சந்தோஷப்பட்டார். பெட்டியில் உடுப்பைவிடத் தூண்டில் அதிகம். இரண்டு முழம்கூட இல்லாத கட்டைத் தூண்டில்கள், ஐஸ் ஓட்டைக்கு அவ்வளவு போதுமாம். நேசன் அண்ணை அங்கேயே அவரை ‘மாமா’ என்று கூப்பிட்டுவிட்டார். எனக்கு அந்த உரிமை இல்லை, நான் ‘அங்கிள்’ என்றேன்.

வோல்ஐ என்ற மீனைத்தான் அவர் பெரிதாகச் சொன்னார், கண் மினுங்குமாம். அது இந்த நாட்டுக் குளங்களில் கிடையாது என்று நான் தூண்டில் கடைக்குப் போன் பண்ணி அறிந்து சொன்னபோது கொஞ்சம் வாடினார். பேர்ச் இருக்கிறது என்றேன். சரி, பேர்ச் காணும் என்றார். ஞாயிறு காலை மூவரும் காரில் ஏறினோம். போகும் வழியில் ரூட்டிங்கில் நிறுத்தி, பின்னேரம் அவருக்குக் குழம்பு வைப்பதற்காக இரண்டு ஐஸ் விளைமீனை வாங்கிக் காரின் பின்பெட்டிக்குள் போட்டேன். சத்தியமாகக் குழம்புக்காகத்தான் வாங்கினேன்.

குளத்தோரத்தில் கவுன்சில் பலகை நின்றது. ஐஸ் மெல்லியது, ஏறவேண்டாம். அங்கிள் அதை வாசித்துவிட்டுச் சிரித்தார். தங்கள் ஏரியில் லொறியே ஓடும் என்று சொல்லியபடி ஒரு காலை வைத்தார். லண்டன் ஐஸ் அவருடைய காலை முழங்கால்வரை வாங்கிக்கொண்டது. சப்பாத்தையும் கால்மேஸையும் கார் ஹீற்றரில் காயவிட்டு, என்னுடைய மேஸ்களை மாட்டிக்கொண்டு வந்தார். பிறகு கரையில் நின்றபடியே, வீட்டில் ஆட்டிறைச்சி வெட்டும் கத்தியால் ஐஸைக் கொத்தி ஒரு வாளி அகலத்துக்கு ஓட்டை போட்டோம். கொஞ்சத் தூரத்தில் நீளத் தூண்டிலோடு இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எழும்பி வந்து, இந்தத் தூண்டில்கள் பிள்ளைகளுக்கானவையா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போய் இருந்தார்.

ஒரு மணி நேரம் போனது. ஒன்றுமில்லை. “ஸ்லோ பைட்” என்றார் அங்கிள், மீன் ஆறுதலாகத்தான் கடிக்குமாம். இரண்டு மணி. ஸ்லோ பைட். மூன்றாம் மணியில் எனக்கு மூக்கு இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. மீன் கடிக்காத நேரத்தில்தான் ஆளைப் படிக்கலாம் என்பது அங்கிளின் தத்துவம். நேசன் அண்ணை தன்னைப் படிக்கக் கொடுத்தபடி ஆடாமல் அசையாமல் குந்தியிருந்தார். இரண்டு சுவெற்றர்தான் போட்டிருந்தார், அவருடைய கோட் இன்னும் என் முதுகில்தான் இருந்தது. உதடு நீலம். இடப்பக்கத்து முடி காற்றில் எழும்பி நின்றது. ஒருதரம் குனிந்து என் காதில் கேட்டார்.

“டேய், ஒண்டும் பிடிபடாட்டி இதுவும் சரிவராதோ?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

அங்கிளுக்கு விறைத்த கால் இன்னும் சூடாகவில்லை. பிளாஸ்கில் தேநீர் குடிக்கலாம் என்று நேசன் அண்ணையைக் கூட்டிக்கொண்டு காருக்குள் ஏறினார். தூண்டில்களைப் பார்க்க நான் மிஞ்சினேன். கரண்டி எடுக்கிறேன் என்று சொல்லிப் பின்பெட்டியைத் திறந்து, ஒரு விளைமீனைக் கோட்டின் உட்பைக்குள் செருகிக்கொண்டு வந்தேன். கல்லுப்போல இருந்தது. தூண்டில் முள்ளு வாய்க்குள் இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் குந்தியிருந்து, அதன் வாயில் என் வாயை வைத்து ஊதினேன். ஊதினேன், தேய்த்தேன், திரும்ப ஊதினேன். இங்கிலாந்தில் செத்த மீனுக்கு மூச்சுக் கொடுத்த ஒரே அகதி நானாகத்தான் இருப்பேன். கடைசியில் உதடு இளகி, முள்ளு ஏறியது. ஓட்டைக்குள் இறக்கிவிட்டு நல்ல பிள்ளையாகத் தள்ளி நின்றேன்.

திரும்பி வந்து தூண்டிலைத் தொட்ட நேசன் அண்ணைக்குப் பாரம் தெரிந்தது. இழுத்தார். மீன் எந்த எதிர்ப்பும் காட்டாமல் மரியாதையாக மேலே வந்தது. குளிரில் விறைத்திருக்கிறது என்று நான் முந்திக்கொண்டு விளக்கம் சொன்னேன். கிழவரும் வந்து பார்த்தார். மீனைப் பார்த்தார், கடையில் குடலெடுத்து வெட்டியிருந்த வயிற்றைப் பார்த்தார். இந்த மீனுக்குக் குளிர்காலம் கடுமையாகத்தான் போயிருக்கிறது போல என்று மட்டும் சொல்லி, தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

அங்கிள் மீனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, “கெட்டிக்காரன்” என்றார். அந்த ஒரு சொல்தான். நேசன் அண்ணை பிடித்துக்கொண்டார். காரில் ஏறியதிலிருந்து வீடு வரும்வரை ஓயவில்லை. தூண்டில் அதிர்வது தனக்கு முதலே தெரிந்ததாம். சின்ன வயதில் நாவற்குழிப் பாலத்தடியில் தூண்டிலோடு இருந்தால் ஆட்கள் கூடி நின்று பார்ப்பார்களாம். ஐஸுக்கடியில் மீன் எப்படி யோசிக்கும் என்றுகூட அங்கிளுக்கு வகுப்பெடுத்தார். மனிதர் மீன் சந்தைப் பக்கம் மூக்கைப் பொத்தாமல் போனதே கிடையாது.

பின்னேரம் நேசன் அண்ணை வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தார். குசினியில் நான் வெங்காயம் வெட்ட, அங்கிள் வந்து பக்கத்தில் நின்றார்.

“தம்பி, இதென்ன மீன்?”

“பேர்ச், அங்கிள்.”

“நான் பருத்தித்துறையான். எனக்கே கடல் விளைமீனைக் குளத்துப் பேர்ச் எண்டுறீர்.”

வெங்காயம் நல்ல சாட்டாக இருந்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கார்க் கண்ணாடியில் எல்லாம் பார்த்தாராம். ஊதியதையும் பார்த்தாராம். அந்தக் கடிதமும் நான் எழுதியதுதானா என்று கேட்டார். ஓம் என்றேன்.

“அவர் விட்ட கதையளைக் கேட்டனீர்தானே. நீரும் பொய்தான். ஆனா நீர் உமக்காகச் சொல்லேல்லை.” வெட்டிய வெங்காயத்தைச் சட்டிக்குள் தள்ளிவிட்டார். “உமக்குச் சாதகம் இருக்கோ?”

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கதை விட்டது அண்ணையின் பிழையில்லை, மீனைப் போட்டது நான், அவருடைய கோட்டுக்குள் வைத்துத்தான் கொண்டுபோனேன் என்று சொல்லியிருக்க வேண்டும். மேலே குளியலறையில் நேசன் அண்ணை பாடிக்கொண்டிருந்தது கேட்டது.

“அம்மாட்டை இருக்கு, அங்கிள். எழுதி எடுப்பிக்கலாம்.”

அன்று குழம்பை மூவரும் சாப்பிட்டோம். தான் பிடித்த மீன் என்பதற்காக நேசன் அண்ணையும் வாழ்க்கையில் முதல் தடவையாக மீன் சாப்பிட்டார். முள்ளெடுக்கத் தெரியாமல் திணறியபோது நான்தான் எடுத்துக் கொடுத்தேன். மாமா ரொறன்ரோவுக்குப் போய், செவ்வாய் பொருந்தவில்லையென்று தரகர் மூலம் அண்ணைக்குச் சொல்லிவிட்டார். அந்த வருடமே எனக்கு ஹோம் ஒஃபிஸ் கடிதம் வந்தது, அடுத்த வருடம் வத்சலா வந்தா. பெண் யாரென்று தெரியவந்த அன்று நேசன் அண்ணை ஒரு சூட்கேசோடு கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்துக்கு வீடு மாறிப்போனார். கோட்டைத் திருப்பிக் கொடுக்க வாசலுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். “வைச்சிரு, குளிருது” என்றார். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் என்னோடு கதைக்கவில்லை.

அவர் கலியாணம் செய்யவில்லை. ஆனால் அந்த மீனைக் கைவிடவும் இல்லை. விழாக்களில், செத்தவீடுகளில், கோயில் வரிசையில் எல்லாம் அந்த மீன் வளர்ந்து வருவதாக ஆட்கள் வந்து எனக்குச் சொல்வார்கள். ஒன்றரை அடி. இரண்டடி. கடைசியாகப் பார்க்கிங்கில் ஒரு பிறந்தநாள் விழாவில் ஒரே மேசையில் மாட்டிக்கொண்டோம். தலையில் சீவுவதற்கு ஒன்றுமில்லை இப்போது. சுற்றியிருந்த பெடியள் அங்கிள் பொய் சொல்கிறார் என்று இங்கிலீசில் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். லண்டனில் குளம் உறையுமா, ஐஸை உடைத்து மீன் பிடிக்க ஏலுமா என்று ஒரே சிரிப்பு. அவர் சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

“இவனைக் கேளுங்கோ. இவன் பக்கத்திலை நிண்டவன். சொல்லடா, நான் பிடிச்சனானோ இல்லையோ?”

நெற்றி வியர்த்திருந்தது. அவருக்கு அது விளையாட்டில்லை.

“பிடிச்சனீங்கள் அண்ணை” என்றேன். “நான் கண்ணாலை பாத்தனான்.”

“எவ்வளவு நீளம்?”

இரண்டு கையையும் விரித்தேன். போதாதென்று இன்னும் கொஞ்சம் விரித்தேன். பெடியள் அடங்கினார்கள். நேசன் அண்ணை என் தோளில் தட்டி, “பாத்தியளே” என்றார். காரில் வரும்போது வத்சலா, தன் அப்பா அவ்வளவு நீளமென்று சொல்லவில்லையே என்று மட்டும் சொன்னா. மற்றவனுக்காக மட்டும் பொய் சொல்பவன் என்று மாமா என்னை நம்பிப் பிள்ளையைத் தந்த அந்த நல்ல குணம் உண்மையில் எனக்கு வந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது மாமா இல்லை. அந்தக் குளம் உறைவதில்லை, மாசியிலும் வாத்து நீந்துகிறது. கோலியர்ஸ் வுட் வீட்டை மூன்று ஃபிளாட்டாகப் பிரித்துவிட்டார்கள். தபாலுக்காக யாரும் வாசலில் நிற்பதில்லை. நேசன் அண்ணை போன மார்கழியில் போய்விட்டார். செத்தவீட்டில் பேசிய ஒருவர் மூன்றடி மீன் என்றார், நான் தலையாட்டினேன். பெண்ணைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்கவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இனிக் கேட்க ஏலாது. கோட் மட்டும் அலுமாரியில் தொங்குகிறது. இத்தனை தரம் கழுவக் கொடுத்தும் உட்பை இன்னும் மீன் மணக்கிறது.