சாப்பாட்டறைக் கதவில் ஒரு நீலப் பலகை

1. முதல் நாள்

பிள்ளைகளே, நீங்கள் இருவரும் இனி வேலைக்குப் போகப் போகிறீர்கள். புத்திமதி எழுத எனக்கு வராது. எங்கள் வேலைத்தலத்தில் நடந்த ஒன்றை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

நான் வேலையாட்களுக்குப் பொறுப்பான போர்மனாக இருக்கும் இடத்தில் பைபர் படகு செய்கிறோம் என்பது உங்களுக்குத் தெரியும். புத்தூர்ச் சிவபாலன் ரெசின் என்கிற பிசினைப் பூசுகிறவர். குருநகர் மரியதாஸ் பெயின்ற் அடித்து, படகுக்குப் பேர் எழுதுகிறவர். இவர்களோடு நாசர் என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். கற்பிட்டியில் வேலை பழகி, பெண்சாதி பிள்ளைகளோடு யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தவர். உருளை பிடித்தால், ரெசினில் நனைக்கிற 'மாட்' என்ற கண்ணாடிநார் விரிப்புக்குள் ஒரு காற்றுக்குமிழ் நிற்காது. அப்படி ஒரு கை.

அவர் வந்த அன்று மத்தியானம், பேரைக்கூட இன்னும் கேளாத சிவபாலன் பக்கத்தில் இருந்து கேட்டார்.

"தம்பி சைவமோ?"

"இல்லை அண்ணை, எல்லாம் சாப்பிடுவன்."

எல்லோரும் சிரித்துவிட்டோம். சிவபாலன், "நான் கறியைக் கேக்கேல்லையடா தம்பி, சமயத்தைக் கேட்டனான்" என்றார். நாசரும் சிரித்தார். இஸ்லாம் என்று சொல்லிவிட்டுக் குனிந்து சாப்பிட்டார். அதோடு அந்தக் கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

2. பலகை

சிவபாலன் வெள்ளிக்கிழமையில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவர். ஒரு வெள்ளி மரியதாஸ் பாரைக் குழம்பு கொண்டு வந்திருந்தார். பேச்சு வாக்கில் அந்தக் கரண்டியையே சிவபாலனுடைய பருப்புக்குள் விட்டுவிட்டார். சிவபாலன் சோற்றை அப்படியே காகத்துக்குப் போட்டுவிட்டுப் போய்ப் பட்டினியோடு வேலை செய்தார். பின்னேரம் வரைக்கும் இருவருக்கும் முகம் பார்த்துக் கதை இல்லை.

முதலாளிக்கு இது காதில் விழுந்தது. சண்டை வரக்கூடாது என்று பயந்த மனிதர். வெள்ளிக்கிழமை சாப்பாட்டறைக்குள் மீனும் வேண்டாம், இறைச்சியும் வேண்டாம் என்று முடிவெடுத்து, மரியதாசையே கூப்பிட்டு எழுதச் சொன்னார். மரியதாஸ் முணுமுணுத்தார். கத்தோலிக்கரான தங்களுக்குத் தவக்கால வெள்ளியில் இறைச்சிதான் விலக்கு, மீனுக்கு என்ன குறை என்று கேட்டார். ஆனாலும் எழுதினார். படகுக்கு அடிக்கிற நீலப் பெயின்ற். எழுத்து தேர் மாதிரி நின்றது.

வெள்ளிக்கிழமை சைவம் மட்டும்.

சாப்பாடு என்ற சொல் அதில் இல்லை. எங்களில் ஒருவருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளியில் இருந்து நாசர் உள்ளே வரவில்லை. ஜும்மாத் தொழுகை முடித்து வந்தவர், படகு வார்க்கிற மோல்ட் கிடக்கிற கொட்டிலுக்குள் ரெசின் மணத்துக்கு நடுவில் இருந்து சாப்பிட்டார். போகப்போக மற்ற நாட்களிலும் அங்கேயே இருந்துவிட்டார். கூப்பிட்டால், "நீங்கள் சாப்பிடுங்கோ அண்ணை" என்பார். தொழுதுவிட்டு வந்தால் எங்களோடு இருக்க மனமில்லையாக்கும் என்று சிவபாலன் சொன்னார். பெருமை பிடித்துவிட்டது என்றார் மரியதாஸ். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்டுவிடுவோம் என்று ரெண்டு மூன்று தரம் கொட்டில் வாசல் வரை போனேன். சமயத்துக்குள் கை வைக்கிற கதையாகிவிடுமோ என்று திரும்பி வந்தேன். பிறகு வடமராட்சிப் பக்கம் வேறு வேலைத்தலத்தில் அவர் வேலைக்குக் கதைத்து வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் போனால் அந்தக் கைக்கு நாங்கள் எங்கே போவது?

3. ரெசின் நாள்

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய படகு அவசரமாக முடிக்க வேண்டி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை முதலாளி வந்து, இன்றைக்கே ரெசின் போட வேண்டும் என்றார். ரெசினுக்குள் ஹாடினரைக் கலந்துவிட்டால் அது ஆருக்காகவும் நிற்காது. வாளிக்குள்ளேயே சூடாகி இறுகிவிடும். தொடங்கினால் எல்லோரும் நின்று முடிக்க வேண்டும்.

நாசர் பன்னிரண்டு மணிக்குத் தொழப் பள்ளிக்குப் போக வேண்டும் என்றார்.

முதலாளிக்கு முகம் சிவந்தது. "ஒரு வெள்ளி விட்டால் என்ன? போறதெண்டால் போம். பிறகு திரும்பி வரத் தேவையில்லை."

நாசர் கையுறையைக் கழற்றி மோல்டின் விளிம்பில் வைத்தார். குரல் உயரவில்லை.

"வெள்ளிக்கிழமையில எனக்கு இஞ்ச இடமில்லை எண்டு கதவில எழுதியே வச்சிருக்கிறியள் தானே, முதலாளி."

ஒருவருக்கும் விளங்கவில்லை. மரியதாஸ்தான் கேட்டார், "எந்தக் கதவில?"

"சாப்பாட்டறைக் கதவில. சைவம் மட்டும் எண்டு."

மரியதாசுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது. "ஐயோ தம்பி, அது கறிக்கு எழுதினது."

"இஞ்ச அந்தச் சொல்லு கறிக்கில்லை, சமயத்துக்கு எண்டு முதல் நாளே சொல்லித் தந்தியள்."

சிவபாலன் நிலத்தைப் பார்த்தார். பிறகு, "அப்ப மரியதாஸ் அண்ணை உள்ளுக்கை இருந்து சாப்பிடுறாரே, அவர் சைவமே?" என்று கேட்டார்.

"அவர் தானே எழுதினவர். எழுதின கூலிக்கு அவரை விட்டிருப்பினம் எண்டு நினைச்சன்."

அதற்கு ஒருவராலும் சிரிக்க முடியவில்லை. அவ்வளவு நாளும் அந்த மனிதர் அந்த மணத்துக்குள் இருந்து சோறு தின்றது எனக்குக் கண்ணுக்கு முன்னால் வந்தது.

முதலாளியிடம் நான் சொன்னேன்: மாட் வெட்டுறதும் மோல்டுக்கு மெழுகு பூசுறதும் இன்றைக்குச் செய்வோம், ரெசினை நாளைக்குக் காலை வெயில் ஏற முந்திப் போடுவோம், இனிமேல் வெள்ளியில் ரெசினே வேண்டாம். அவர் வேண்டாம் என்று சொல்லாமல் தன் கந்தோர் அறைக்குள் போனார். நாசர் நேரத்துக்குச் சைக்கிளை எடுத்தார். "போட்டு வாறன்" என்றார். அது வழக்கமாகச் சொல்கிற சொல்தானே, உண்மையாக வருவாரோ தெரியாது.

மெழுகு பூசப் பூச என் கண் வாசல் கேற்றிலேயே நின்றது. பூசின இடத்தையே திரும்பப் பூசினேன். மரியதாஸ் ஒருவரிடமும் கேட்காமல் பலகைக்கு முன்னால் நின்று நீலத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். 'சைவம்' போய் 'மரக்கறி' வந்தது. பழைய எழுத்து கீழே மங்கலாகத் தெரிந்தது. சிவபாலன் பசிக்குதென்று சொல்லிச் சொல்லியும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை.

வெகுநேரம் கழித்துச் சைக்கிள் சத்தம் கேட்டது. நாசர் கதவடியில் நின்று பலகையை வாசித்தார். பெயின்ற் காயவில்லை. உள்ளே ஒரு கால் வைத்தவர், கையில் இருந்த பெட்டியைப் பார்த்துத் தயங்கினார்.

"அண்ணை, இண்டைக்கு முட்டைக் குழம்பு. முட்டை மரக்கறியோ?"

மரியதாஸ் தூரிகையோடு என்னைப் பார்த்தார். நான் சிவபாலனைப் பார்த்தேன். அவர் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேசையின் மற்ற முனைக்குப் போனார்.

"முட்டை மச்சம்தான். நீ உந்த யன்னல் பக்கம் இரு, நான் இஞ்சால இருக்கிறன். கரண்டியை மட்டும் இஞ்சால அனுப்பாதை. அறைக்குள்ள இரு, எனக்கு அது போதும்."

நாசர் இருந்தார். மரியதாஸ் போய்ப் பலகையையே கழற்றிக்கொண்டு வந்து சுவரோடு சாத்தினார். வடமராட்சிக் கதை பிறகு எழும்பவில்லை.

பிள்ளைகளே, நீங்கள் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் விலகி இருந்து சாப்பிட்டால், அவருடைய சமயத்தைப் பற்றி நீங்களாக ஒரு காரணம் கட்டாதீர்கள். போய்க் கேளுங்கள். நான் வாசல் வரை போய்த் திரும்பினவன். புது ஆள் ஒருவர் வந்தால் இப்போதும் எனக்கு மனம் ஓரிடத்தில் நிற்காது. அவருடைய பெட்டி எங்கே திறக்கிறது என்று பார்த்த பிறகுதான் என் பெட்டியைத் திறக்கிறேன்.