புளியமரத்தடித் தீ

அந்தத் தீயை வைத்தவள் நான்தான். கோவிந்தன் மாமா இல்லை. ஆறு வருடங்களாக அவர் சுமக்கும் பழி என்னுடையது!

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் மட்டும் ஏன் சொல்கிறேன்? நீங்கள் எங்கள் ஊர்க்காரர் இல்லை என்பதாலா? என் முகத்தை நீங்கள் பார்க்கப்போவதில்லை என்ற தைரியமா? தெரியவில்லை... என்னைப் பற்றி எனக்கே தெரியாதவை நிறைய. இதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். புளி உலுக்குவதற்கு முன் மரத்தடிச் சருகைக் கொளுத்தித் தரையைச் சுத்தம் செய்வார்கள். இல்லாவிட்டால் உதிரும் பழம் சருகுக்குள் மறைந்துபோகும். இதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பனி ஈரம் காயாத காலையில்தான் கொளுத்த வேண்டும். இரண்டு பேர் பச்சைத் தழையோடு நிற்க வேண்டும். சாம்பலில் புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு முழுக்க ஆறிய பிறகே நகர வேண்டும். எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. விடுதியிலிருந்து வந்திருந்தேன். மறுநாள் செய்முறைத் தேர்வு, அதனால் அன்றே திரும்பியாக வேண்டும். அம்மாவும் அப்பாவும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். சருகை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, காலை முழுவதும் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். உச்சி வெயிலில்தான் நினைவு வந்தது. தனியாகப் போனேன். கொளுத்தினேன். தழையால் அடித்து அணைக்கவும் செய்தேன்... கீழே ஷேர் ஜீப் ஹாரன் அடித்தது. அதை விட்டால் அடுத்தது எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. புறங்கையை வைத்துப் பார்க்காமலே ஓடினேன்!

மாலையில் விடுதிக்கு அம்மாவின் போன் வந்தது.

"மல எரிஞ்சி பூட்ச்சிடி. முனியம்மா அத்தையோட ரெண்டு மாடும் கட்டுத்தறியிலயே செத்துப் பூட்ச்சிங்க... ஏன்டி, நீ சருக கொளுத்தனியா?"

"இல்லம்மா. எனக்கு நேரமே இல்ல."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! யோசிக்கக்கூட இல்லை.

கோவிந்தன் மாமா மலைத்தேன் எடுப்பவர். எனக்குத் தூரத்து உறவு. அன்று அதே சரிவில், தேனீயை விரட்டும் புகைப்பந்தத்தோடு தேன்பாறைக்குப் போய்வந்திருந்தார். ஊர் கூடியது. "பந்தத்த அணைச்சியா?" என்று கேட்டார்கள். அவர், "அணைச்சேன்னுதான் நெனைக்கிறேன்" என்றாராம். அந்த 'நெனைக்கிறேன்' ஒன்று போதாதா ஊருக்கு? தன் பால்மாட்டை அவிழ்த்து முனியம்மா அத்தையிடம் கொடுத்தார். இனித் தேன்பாறைப் பக்கம் போகக் கூடாது என்றார்கள். அடுத்த மாதமே கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார்.

நான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். தீப் பாதுகாப்பும் பேரிடர் மேலாண்மையும் என் பாடம். சேர்க்கையின்போது, ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டார்கள். "எங்க மலை எரிஞ்சதுங்க ஐயா. இனிமே எரியக் கூடாது" என்றேன். கேட்டவர் நெகிழ்ந்துபோனார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

உண்மையில் ஏன் சேர்ந்தேன்? பரிகாரமா? அப்படிச் சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அது என் தீ இல்லை என்று காட்டும் பாடம் ஏதாவது அங்கே இருக்கும் என்ற நப்பாசையும் இருந்தது. அவருடைய பந்தமாகவும் இருக்கலாம் அல்லவா? இருக்கலாம்தானே? என் மதிப்பெண்ணுக்கு அந்த வருடம் கிடைத்த இடம் அதுதான் என்பதும் உண்மை. எது முதலில், எது பின்னால் என்று இன்றுவரை என்னால் பிரித்தெடுக்க முடியவில்லை.

இரண்டாம் ஆண்டில் அந்தப் பாடம் வந்தது. எரிந்த இடத்தைப் பார்த்து, தீ எங்கே தொடங்கியது என்று கண்டுபிடிப்பது. தீ வந்த பக்கம் மரத்தில் கரி தாழ்வாக இருக்கும். போன பக்கம் உயரமாக ஏறியிருக்கும். விடுமுறையில் ஊருக்குப் போய்ச் சரிவு முழுக்க நடந்தேன். மரம் மரமாகத் தடவிப் பார்த்தேன். முனியம்மா அத்தையின் மாட்டுக்கொட்டகையிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு மரமும் என்னைக் கீழே கூட்டிக்கொண்டு போய் எங்கள் புளியமரத்தடியில் நிறுத்தியது. தேன்பாறையைச் சுற்றி ஒரு கல்கூடக் கருகியிருக்கவில்லை!

அன்றே சொல்லியிருக்கலாம். படிப்பு முடியட்டும் என்றேன். பிறகு வேலை கிடைக்கட்டும் என்றேன். கிடைத்தது. இப்போது மலை ஊர்களுக்குத் தீத் தடுப்புப் பயிற்சி கொடுக்கிறேன். மேலே போட்டுக்கொள்ளச் சீருடைச் சட்டைகூட உண்டு.

போன மாதம் எங்கள் ஊரிலேயே பயிற்சி. மாமா திரும்பி வந்திருந்தார். தலை நரைத்து, ஆள் பாதியாகிவிட்டார். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கூட்டத்தைப் பார்த்து வழக்கம்போலக் கேட்டேன். அவர் எழுந்தார்.

"நாந்தாம்மா அன்னிக்கி மலைய எரிச்சவன். பந்தத்த சரியா அணைக்காம வந்துட்டேன். ரெண்டு வாயில்லா ஜீவன் பூட்ச்சி." என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆனா அந்தத் தப்பாலதான் நம்ம பொண்ணு இந்தப் படிப்பு படிச்சி வந்து நிக்கிது. அத்த நெனைச்சா மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலா கீது."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்... ஐயோ, நானும் தட்டினேன்!

அந்த 'நெனைக்கிறேன்' போய்விட்டது, கவனித்தீர்களா? ஆறு வருடத்தில் அவரே நம்பிவிட்டார். இப்போது நான் உண்மையைச் சொன்னால் அவர் பழி போகும். அந்த ஆறுதலும் போகும். அவருடைய ஆறுதலைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டேனா, என் சட்டையைக் காப்பாற்றவா? நீங்களாவது சொல்லுங்கள்.

கூட்டம் கலைந்த பிறகு மாமா என்னிடம் வந்தார். கையில் ஒரு பழைய பந்தம். வீட்டுக்குப் போய் எடுத்து வந்திருக்கிறார்.

"இத்த எப்டி அணைக்கணும்னு சரியா சொல்லிக் குடு கண்ணு. கத்துக்கினா திருப்பித் தேனுக்கு வுடுவாங்க இல்ல?"

"வுடுவாங்க மாமா."

பந்தத்தைப் பற்றவைத்தார். மண்ணில் தேய்க்கச் சொன்னேன். தண்ணீர் ஊற்றச் சொன்னேன். புறங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் பயந்து பயந்து செய்தார். அன்றைக்கும் இதையெல்லாம் சரியாகவே செய்துவிட்டு வந்த மனிதர்...

புறங்கையை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தார்.

"சரியா பண்றனா கண்ணு?"

"சரியா பண்றீங்க மாமா" என்றேன்.