தமிழ் தெரிஞ்ச மேனேஜர் வேணுமாம்

கேமரன் மலைக்கு எல்லாரும் ஊர் சுத்தப் போவாங்க. நான் போனது வேலைக்கு. 1984 நவம்பர், விடாத மழை. அப்ப ஈப்போவுல சைட் சூப்பர்வைசர். படிப்பெல்லாம் சைட்ல நின்னு பாத்துக் கத்துக்கிட்டதுதான். கிரேனைப் பாத்தா போதும், மோட்டார் சைக்கிளை நிறுத்திட்டு வாயப் பொளந்து நிப்பேன்! திரிங்காப்புல தமிழ் தெரிஞ்ச கட்டுமான மேனேஜர் வேணுமாம்னு கேள்விப்பட்டா எனக்குத் தூக்கம் வருமா?

தாப்பாவுல காலையில எட்டு மணி பஸ். தானா ராத்தாவுக்கு மூணு வெள்ளி அம்பது காசு, ரெண்டு மணி நேரம். ஒரே வளைவு, வயிறு முட்ட சாப்டுட்டு ஏறாதீங்க. ரிங்லெட் தாண்டுனதும் பனிமூட்டம், தேயிலையே தெரியல. அங்கேருந்து திரிங்காப்புக்குக் காலியா திரும்புற காய்கறி லோரியில ஒட்டிக்கிட்டேன்.

"மேனேஜரா? முன்ன இருந்த ஆளு பெட்டியக்கூட எடுக்காம ஓடிட்டாரு லா," ன்னு லோரிக்காரர் சிரிச்சாரு. ஜோக்குன்னு நெனச்சு நானும் சிரிச்சேன்.

எஸ்டேட் ஆளுங்க குடியிருக்குற லயத்துக்குப் பின்னால மலையைச் செங்குத்தா வெட்டி, புது வீட்டுக்குக் குழி தோண்டியிருந்தாங்க. லயத்து ஆளுங்க எட்டு பேரு சாக்கு போர்த்திக்கிட்டு ஓரமா உக்காந்திருந்தாங்க. முந்தின நாள் மண்ணு சரிஞ்சு ஒருத்தர் இடுப்பு வரைக்கும் புதைஞ்சிட்டாராம். அதான் யாரும் எறங்கல.

காண்ட்ராக்டர் ஒரு சீன முதலாளி, தவுக்கேன்னுதான் கூப்பிடுவாங்க. அவரு என் பேரைக்கூட கேக்கல. மலாய்ல சொன்னாரு: "உனக்குத் தமிழ் தெரியும்ல? பேசி இவங்கள எறக்கு. எறக்கிட்டா இன்னைக்கே நீதான் மேனேஜர்."

நான் வாயத் தொறக்குறதுக்குள்ள அந்த எட்டு பேர்ல ஒரு அக்கா கேட்டாங்க: "என்ன தம்பி, புதுக் கங்காணியா?"

"மேனேஜர்க்கா."

"ஓ, இப்ப அப்படிச் சொல்றாங்களா? சரிங்க மேனேஜரு, நீங்க முன்னால எறங்குங்க. நாங்க பின்னாலயே வர்றோம்."

எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. நான் குழி ஓரமா ஏறி, வெட்டுன எடத்துக்கு மேல போய்ப் பாத்தேன். மேல் விளிம்புல நீளமா வெடிப்பு, மழைத்தண்ணி அதுக்குள்ளயே போகுது. முட்டுக் குடுக்க ஒரு பலகை இல்ல. பலகை அடிச்சுட்டு எறக்கலாம்னு தவுக்கேகிட்ட சொன்னேன். "ரெண்டு நாள் போயிடும்," ன்னாரு.

திரும்பி அந்த அக்காகிட்ட வந்தேன்.

"நான் எறங்கலக்கா," ன்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கல. அந்த அக்கா தள்ளி உக்காந்து எனக்கும் எடம் விட்டாங்க. தவுக்கே போயி தன்னோட காடியில ஏறிக் கதவைச் சாத்துனாரு. என் மேனேஜர் வேலை அரை மணி நேரத்துல முடிஞ்சு போச்சு.

இந்த மாதிரி வேலைக்கு மலை ஏறிப் போறவங்க ஸ்வெட்டரும் பூட்ஸும் கொண்டு போங்க. சம்பளம் கேக்குறதுக்கு முன்னாடி, வெட்டுன எடத்தோட மேல் விளிம்பு வரைக்கும் நடந்து பாருங்க. முன்ன இருந்த ஆளு ஏன் போனாருன்னு லோரிக்காரர்கிட்டயே கேட்டுருங்க.

மேனேஜர் ஆசை இன்னும் போகல. ஆனா மழை வலுத்தா, எனக்கு அடுத்து வந்தவன் அந்த எட்டு பேர என்ன பேசிக் குழியில எறக்கியிருப்பான்னுதான் மனசு ஓடுது.