கரும்பு எலும்பு

என் கணவர் இராஜரட்ணம் கலியாணத்துக்கு முன் கனடாவில், ஸ்காபரோவில் ஒரு தாய்வான் கடையில் சாப்பாட்டுப் பெட்டி கட்டினார். அடியில் சோறு, மேலே பொரித்த பன்றித் துண்டு, சோயா சோஸில் அவித்த முட்டை, ஓரத்தில் கீரை ஊறுகாய். மூடி, றப்பர் பாண்ட் போட்டு, அடுத்தது! ரயிலிலும் பள்ளிக்கூடத்திலும் அதைத் தின்றே வளர்ந்தவர்களாம் தாய்வான்காரர். மத்தியானத்தில் பக்கத்துத் தொழிற்சாலைச் சனமெல்லாம் அங்கேதான். வரிசையில் நின்ற நான் மயங்கியது பெட்டியிலா ஆளிலா என்று இன்றைக்கும் தெரியாது.

அண்ணை சம்மதித்தால்தான் கலியாணம் என்று அம்மா கொழும்பிலிருந்து சொல்லிவிட்டார். இங்கே என்னோடு ஒரே வீட்டில் இருந்த சண்முகலிங்கம் அண்ணையோ கோபத்தில் துள்ளிக் குதித்தார்.

“பண்டி பொரிக்கிறவனுக்கோ என்ர தங்கச்சி? வெள்ளிக்கிழமையில நான் முட்டைகூடத் தொடமாட்டன், தெரியுமோ!”

இவர் பெண் கேட்டு வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். கையில் மூன்று பெட்டிகள்! பெட்டிகளை மேசையில் வைத்துவிட்டு, காரில் மறந்த பழங்களை எடுக்கக் கீழே போனார். நான் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனேன். அண்ணை தனியே இருந்தார். பொரியல் வாசம் வீடு முழுக்க.

இவர் திரும்பி வந்தபோது குசினி வாசலால் எட்டிப் பார்த்தேன்; அண்ணையின் பெட்டி காலி. வாய் நிறைய இருந்தது. எலும்பு முதுகுக்குப் பின்னால் போனது.

“தம்பி,” என்றார் அண்ணை, மெல்ல. “கோழிக்கால்... கைதவறிப் போச்சு. தங்கச்சியிட்டச் சொல்லாதையும்.”

இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அண்ணை, அது கோழி இல்லை. சோயா. இண்டைக்குப் பௌர்ணமி, எங்கட முதலாளியம்மா சைவம். கடையில எல்லாப் பெட்டியும் சைவம்தான். கோழிக்கால் மாதிரிச் செய்து கரும்புத் துண்டைச் செருகுவினம். நீங்கள் சப்பினது அந்தக் கரும்பு!”

“முருகா!” அண்ணை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். கரும்பும் கூடவே எழுந்தது.

சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தேத்தண்ணியோடு வெளியே வந்தேன்.

“அப்ப, கோழி எண்டு நினைச்சோ அண்ணை முழுக்கச் சாப்பிட்டனீங்கள்?”

அண்ணை என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். கரும்பைத் திரும்ப வாயில் வைத்தார்.

“சரி சரி,” என்றார். “கலியாணத்துக்கு எப்ப நாள் பார்ப்பம்?”