பூசணிக் கொடிக்குக் காவல்

எனக்குச் சின்ன வயதிலேயே சந்தேகப் புத்தி. பென்சில் காணாமல் போனால் முதலில் வீட்டு ஆட்களின் முகத்தைத்தான் பார்ப்பேன். ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் நாங்கள் இருந்த வீட்டின் பின்னால் ஒரு பூசணிக் கொடி சுவரேறிப் படர்ந்திருந்தது. அந்த மார்கழியில் அதன் பிஞ்சுகள் ஒவ்வொன்றாக வெம்பி உதிர்ந்தபோது, இது யாரோ செய்கிற வேலை என்று ஒன்பது வயதில் முடிவே கட்டிவிட்டேன்.

அம்மா மேல் சந்தேகமே வரவில்லை. குளிரில் எழுந்து கோலம் போட்டு, சாணி உருண்டையில் பூசணிப் பூ செருகுகிறவள் அவள். அதிலும் என்ன கவனம்! அடியில் பிஞ்சுள்ள பூவைத் தொடவே மாட்டாள். பிஞ்சில்லாத வெறும் பூக்களை மட்டும் ஒன்று விடாமல் பறிப்பாள்.

கொடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவள் சித்தி. சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு வந்து நாலு வருஷம், குழந்தை இல்லை. ஒருநாள், "அக்கா, வெறும் பூவும் ரெண்டு கொடியிலே இருக்கட்டுமே," என்றாள்.

"காய்க்காததுக்கு என்னம்மா அவ்வளவு பரிஞ்சு பேசறே?" என்றாள் அம்மா.

சித்தி குடத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் கொடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள். அந்த அக்கறை எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுநாள் விடியற்காலை ஸ்வெட்டரும் குல்லாவுமாக ஜன்னலோரம் காவல் நின்றேன். அம்மா எழுவதற்கு முன்பே சித்தி வந்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு வெறும் பூவைப் பறித்து, இதழ்களைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடுத்தண்டைப் பிஞ்சுள்ள பூவுக்குள் விட்டுத் தேய்த்தாள். ஆகா, கையும் களவுமாக மாட்டினாள்! ஓடிப்போய் அம்மாவை எழுப்பினேன்.

"உன் ராசி உன்னோட இருக்கட்டும். இனிமே செடிப் பக்கமே போகாதே," என்று அம்மா கத்தினாள். சித்தி என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று முதல் நானே தண்ணீர் ஊற்றினேன். அவள் தொட்ட அந்த ஒரு பிஞ்சு மட்டும் உதிராமல் நாளுக்கு நாள் பருத்தது. "பாத்தீங்களா, கை மாறினதும் காய் பிடிச்சுடுச்சு," என்று அம்மா பக்கத்து வீட்டுக் கன்னடக்கார ஆன்ட்டி வரைக்கும் சொல்லிவிட்டாள். எனக்கு ஏகப் பெருமை.

அந்த வெறும் பூதான் ஆண் பூ, அதன் தூசி போன்ற மகரந்தம் பெண் பூவின் சூலகமுடியைப் போய்ச் சேராவிட்டால் பிஞ்சு வெம்பித்தான் போகும் என்பதைப் பல வருஷம் கழித்து வகுப்பில் படித்தேன். ஆண் பூ அத்தனையையும் கோலத்துக்குப் பறித்தது அம்மா.

தை கடைசியில் அந்தக் காயைக் கூட்டு வைத்தார்கள். பரிமாறிய சித்தியிடமே, "எப்படி, நான் வளர்த்த காய்?" என்று கேட்டேன்.

"நல்லா வளர்த்திருக்கே, கண்ணு," என்று இன்னொரு கரண்டி வைத்தாள். தன் தட்டில் மட்டும் அதை ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்று எனக்கு அப்போது புரியவில்லை.