எலித் தட்டுக்காக விருத்தாசலம் போன கதை

பழமலைநாதரைப் பார்க்க விருத்தாசலம் போகிறவர்கள் உண்டு. எலிக்காகப் போனது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். 2008 மார்ச், ஒரு வெள்ளிக்கிழமை.

சென்னையில் எங்கள் ஆய்வகத்தில் சுண்டெலிகளுக்கு சிகரெட் புகை காட்டி, நுரையீரல் கெட ஆரம்பிப்பதை முளையிலேயே பிடிக்க முடியுமா என்று பார்க்கிறோம். ஒரு சாயத்தை ஊசியில் ஏற்றுவோம். அழற்சி தொடங்கிய இடத்தில் அது போய் ஒட்டிக்கொண்டு கேமராவுக்கு மினுங்கும். மயங்கிய எலியைக் கிடத்த மெருகில்லாத கறுப்புப் பீங்கான் தட்டு வேண்டும். பிளாஸ்டிக் என்றால் அதுவே மினுங்கும், உலோகம் வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும். இருந்த ஒரே தட்டு உடைந்துவிட்டது. மறுநாள் படம் எடுக்காவிட்டால், இத்தனை வாரம் புகையில் கிடந்த எலிகள் அத்தனையும் வீண். அந்தப் பாவம் என் தலையில்தான் விழும்.

தட்டு உடைந்ததுமே, பத்து நாள் முன்னால், விருத்தாசலத்துப் பட்டறை ஒன்றில் போனிலேயே ஆர்டர் கொடுத்திருந்தேன். காலை ஐந்துக்குக் கோயம்பேட்டில் பஸ், உளுந்தூர்பேட்டை வழி, சுமார் 215 கிலோமீட்டர், டிக்கெட் எழுபது ரூபாய் சொச்சம். பத்தரைக்கு இறங்கி, முப்பது ரூபாய் ஆட்டோவில் பீங்கான் பட்டறைகள் இருக்கும் பக்கம் போனேன். கொலு பொம்மையும் கரண்டுக் கம்பத்துப் பீங்கானும் வாசலெங்கும் காய்ந்துகொண்டிருந்தன.

பட்டறைக்காரர் அருளப்பன், வாயில் பீடியோடு, துணியில் சுற்றிய தட்டைப் பெருமையாக நீட்டினார். பிரித்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. குனிந்தால் என் மூக்கே தெரிந்தது!

"மெருகு வேணாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேண்ணே!"

"சொன்னீங்க மேடம். ஆனா ஆராய்ச்சி பண்ற எடத்துக்குப் போவுது. மொட்டையா குடுத்தா எங்க பேரு என்னாவுறது?"

எனக்கு வந்த கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. மண் பிசைந்து, காய வைத்து, சுட்டு எடுக்க இன்னும் ஒரு வாரம் ஆகுமாம். எலிகளைப் பற்றிச் சொன்னேன். மனுஷருக்கு முகம் சுண்டிவிட்டது.

"மொதல்ல ஒண்ணு மாதிரிக்குப் பண்ணேன். மெருகு போடலை. ஓரம் கோணிக்கிச்சுன்னு ஒதுக்கிட்டேன். ஏ மரியா, அது எங்கடி?"

அவர் மனைவி மரியா அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "பாத்ரூம்ல இருக்குது. சோப்பு வெச்சிருக்கேன். தண்ணிய இழுத்துக்குது, சோப்பு கரையறதே இல்ல. அதெல்லாம் தரமாட்டேன்!"

பாத்ரூமுக்கு ஓடினேன். வெட்கமே இல்லை. சிவப்பு சோப்புக்கு அடியில், மங்கலாக, கறுப்பாக, அழகாக இருந்தது என் தட்டு. ஓரம் கோணல்தான். எலியா வந்து குறை சொல்லப்போகிறது?

ஊறின சோப்பும் மினுங்குமே என்று பயந்தேன். மண்ணைச் சோதிக்கிற சின்ன மின்சார உலையில் போட்டால் எரிந்துவிடும் என்றார் அருளப்பன். சூடு ஏறி, ஆறி வர சாயங்காலம் ஆகிவிட்டது. அவசரப்பட்டுத் திறந்தால் வெடித்துவிடுமாம். நடுவில் மரியா அக்கா சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். பளபளத் தட்டு சோப்புக்குப் போனது, அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

காத்திருந்த நேரத்தில் அருளப்பன் பீடி மேல் பீடியாக இழுத்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "எனக்கு இன்னி வரைக்கும் ஒரு இருமல் வந்ததில்ல மேடம்" என்றார். முதலில் தட்டு கையில் வரட்டும் என்று உலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை இருட்டறையில் தட்டு துளிகூட மினுங்கவில்லை. புகை பட்ட எலிகளின் நெஞ்சு மட்டும் மினுங்கியது. அப்பாடா! அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

நீங்களும் விருத்தாசலத்தில் ஏதாவது செய்யச் சொல்வதாக இருந்தால், நேரில் போய், மெருகு போடுவதற்கு முன்னாலேயே நில்லுங்கள். கடைசி நாளில் போகாதீர்கள். மதியத்துக்குமேல் வெயில் மண்டையைப் பிளக்கும், தண்ணீர் பாட்டில் அவசியம்.

நன்றி சொல்ல போன் செய்தேன். அருளப்பன் முதலில் கேட்டது, "எலிங்கல்லாம் ரொம்ப இருமிச்சா மேடம்?"

"ஒண்ணுகூட இருமலைண்ணே. ஓடியாடித் தின்னுக்கிட்டுதான் இருந்துச்சு. உள்ளதான் கெட ஆரம்பிச்சிருக்கு."

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மரியா அக்காவின் குரல் வந்தது.

"போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். இன்னொரு தபா சொல்லுங்க மேடம்."