பட்டாளம் போன பிறகு

பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் எங்கள் வரிசை வீடுகளில் போலீஸ்காரர் ஒருவர்தான் இருந்தார். அவர் என் சித்தப்பா. எட்டு வயதில் அந்தப் பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது.

அந்த வருடம் ஒரு ரகசியக் குண்டர் கூட்டம் எங்கள் பகுதியை ஆட்டிப் படைத்தது. அவர்களைப் பற்றிப் போலீசில் வாய் திறந்தவர்களின் கடைகள் எரிந்தன. காப்பிக் கடைக்காரர் ஒருவர் தீயில் மாண்டதும் துரைமார் பட்டாளத்தை அனுப்பினார்கள். லாரிகளில் வந்து இறங்கிய சிப்பாய்களுக்கு வழிகாட்டியபடி சித்தப்பா முன்னால் நடந்தார். நான் வாசலில் நின்று கைதட்டினேன். ஒரு சிப்பாய் எங்கள் தண்ணீர்ப் பானையைத் துப்பாக்கிக் கட்டையால் உடைத்தபோதுதான் நிறுத்தினேன்.

கூட்டத்தார் முந்தின நாளே நழுவிவிட்டார்கள். அகப்பட்டவர்களெல்லாம் எங்கள் தெருப் பிள்ளைகள். அவர்களில் பக்கத்து வீட்டு அத்தையின் மகனும் ஒருவர். மாட்டுவண்டி ஓட்டும் அவரை நான் அண்ணன் என்பேன். பத்து நாள் கழித்து முகம் வீங்கித் திரும்பினார். ஊர் அடங்கிவிட்டது என்று பட்டாளம் போயிற்று. அடுத்த வாரமே இன்னொரு கடை எரிந்தது. அண்ணனையும் காணோம். கூட்டத்தில் சேர்ந்துவிட்டதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அதன்பின் சித்தப்பா தினமும் போலீஸ் உடுப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தெருக்குழாயில் அத்தைக்குத் தண்ணீர் பிடித்து வைப்பார். அத்தை அதைச் சாக்கடையில் கொட்டுவார். போலீஸ்காரர் தண்ணீர் தூக்கலாமா என்று எனக்குச் சித்தப்பாமேல்தான் கோபம்.

ஒரு மாதம் கழித்து ஒருநாள் அத்தை தண்ணீரைக் கொட்டவில்லை. சித்தப்பாவைக் கூப்பிட்டார்.

“கெலுகோர் பக்கம் தென்னந்தோப்புல இருக்கானுங்க தம்பி. நீ மட்டும் போ லா. பட்டாளத்தப் பார்த்தா எம்புள்ள ஓடுவான், சுட்டுருவாங்க.”

“வெறுங்கையோட போறேன்க்கா.”

“கொன்னு போட்டுருவானுங்க!” என்று அம்மா அழுதார். சித்தப்பா போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் சித்தப்பாவும் அண்ணனும் நடந்தே வந்தார்கள். அண்ணன் பிறகு சொன்ன பெயர்களைக் கொண்டு கூட்டத்தாரைப் போலீசார் ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். இரண்டு பேர் தப்பிவிட்டார்கள். அண்ணனும் சில மாதம் சிறையில் இருந்தார். ஆனால் அதற்கப்புறம் கடைகள் எரியவில்லை.

வந்த அன்று அத்தை இருவருக்கும் சோறு போட்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன். சித்தப்பா இலையில் கை வைக்கவில்லை.

“அன்னிக்கு ஸ்டேஷன்ல துரை சொன்னாருன்னு ஒன்ன அடிச்சேன்டா. ஒன்னுந்தெரியாதவன்னு தெரிஞ்சே அடிச்சேன்.”

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு, “சாப்பிடுங்க மாமா” என்றார். சித்தப்பா குலுங்கி அழுதார்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஊரே நடுங்கிய இடத்துக்குத் தனியாகப் போய் வந்தவர், ஒரு வண்டிக்காரர் முன்னால் இப்படியா அழுவது? மறுநாள் பள்ளிக்கூடத்தில் தோப்புக்குப் போன கதையைப் பத்துத் தடவை சொன்னேன். அழுததை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை.